தொழில் உத்தியை வரைந்து பார்க்க: வார்ட்லி வரைபடமும் அதன் இலவசக் கருவியும்

இரண்டு சார்ட் பேப்பர், ஒரு கட்டு ஒட்டுச்சீட்டு, பென்சில், அழிப்பான், நீளமான அடிக்கோல். வாடிக்கையாளரின் தேவையையும், அதை நிறைவேற்ற வேண்டிய பொருள்களையும், அவை ஒவ்வொன்றும் சந்தையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் ஒரே தாளில் காட்டுவது வார்ட்லி வரைபடம். அதன் அடிப்படையைக் கற்க ஆகும் செலவு இவ்வளவுதான். கணினியில் வரைய விரும்புவோருக்கு 'ஆன்லைன் வார்ட்லி மேப்ஸ்' என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. குமரி மாவட்டத்தில் தேன், ஏத்தங்காய் சிப்ஸ், ரப்பர், பூ என்று தொழில் செய்பவர்களுக்கு இந்த முறை எவ்வளவு உதவும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முறை மிக நல்லது, கருவி நல்லது. ஆனால் தாளில் இரண்டு முறையாவது வரையாமல் கருவியைத் திறக்கக் கூடாது.

இந்த முறையை 2005 வாக்கில் உருவாக்கியவர் சைமன் வார்ட்லி. அப்போது அவர் கேனன் குழுமத்தைச் சேர்ந்த ஃபோட்டாங்கோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. முறையைப் பூட்டிவைக்காமல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டுவிட்டார். அவர் எழுதிய விளக்க அத்தியாயங்கள் ஆங்கிலத்தில் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும், தமிழில் சொல் மாற்றிப் பயன்படுத்தவும் தடையில்லை. சிறுதொழில் செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தொழில் உத்தி என்றதும் பெரும்பாலும் கையில் கொடுக்கப்படுவது கட்டம் போட்ட தாள்தான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். அல்லது பிசினஸ் மாடல் கேன்வாஸின் ஒன்பது கட்டம். அவற்றுக்கும் உண்மையான வரைபடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சோதனையில் கண்டுபிடிக்கலாம். கட்டத்துக்குள் மேலே எழுதியதைக் கீழே மாற்றி எழுதிப் பாருங்கள். ஒன்றும் கெடாது. மாவட்ட வரைபடத்தில் குளச்சலையும் முட்டத்தையும் இடம் மாற்றினால் மீன் வண்டிக்காரர் வழி தவறிவிடுவார். ஏனென்றால் அங்கே இடத்துக்கே பொருள் உண்டு. வார்ட்லி வரைபடமும் அப்படித்தான். ஒரு சீட்டை நான்கு விரற்கடை நகர்த்தினாலும் தொழிலைப் பற்றி நீங்கள் சொல்லும் செய்தி மாறிவிடும். கற்க வேண்டிய அடிப்படையே இதுதான்.

நிலைக்கோட்டு அச்சிலிருந்து தொடங்குவோம். உச்சியில் வாடிக்கையாளர், அவருக்குக் கீழே அவருடைய தேவை, அந்தத் தேவை நிறைவேற என்னென்ன வேண்டுமோ அவை அதற்கும் கீழே. மேலே இருப்பது வாடிக்கையாளர் கண்ணில் படுவது; கீழே இறங்க இறங்கக் கண்ணுக்கு மறைவது. கீழே இருப்பதால் முக்கியம் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு அடித்தளமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். உச்சியில் வீட்டுக்குத் தேன் வாங்கும் குடும்பம். அவர்களுடைய தேவை 'கலப்படமில்லாத தேன்'. அதற்குக் கீழே பாட்டில் தேன். பாட்டில் தேனுக்குப் பாட்டில் வேண்டும், லேபிள் வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும், சுத்தப்படுத்திய தேன் வேண்டும். சுத்தப்படுத்திய தேனுக்கு வடிகட்டும் ஏற்பாடு, நீர் வற்றவைக்கும் ஏற்பாடு, ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், பச்சைத் தேன். பச்சைத் தேனுக்குத் தேனீக் கூட்டம், பெட்டி, பெட்டியை இறக்கிவைக்க இடம். எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் மரம். இந்த மாவட்டத்தில் தேன் பெருமளவு வருவது பூவிலிருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு முனையில் உள்ள சுரப்பிகளிலிருந்துதான் இனிப்பு நீர் கசிகிறது. தேன் வாங்கும் குடும்பத்துக்கு இது தெரியவேண்டிய அவசியமில்லை. தேன் விற்பவர் இதை மறந்தால் தொழில் ஆட்டம் கண்டுவிடும். மரம் முதிர்ந்து தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்தால் அந்த இடத்தில் தேனுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். கட்டம் போட்ட தாளில் 'மூலப்பொருள்' என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் விஷயம், இங்கே அடியில் தனிச்சீட்டாக நின்று 'இது யாருடைய கையில் இருக்கிறது?' என்று கேட்கவைக்கிறது.

அடுத்தது கிடைக்கோட்டு அச்சு. கற்பவர்கள் திணறும் இடம் இதுதான். கற்றதற்குப் பலன் கிடைக்கும் இடமும் இதுதான். இடமிருந்து வலமாக நான்கு நிலைகள். ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: முளை, தனிச்செய்கை, விற்பனைச் சரக்கு, பொதுச்சரக்கு. முளை நிலையில் இருப்பது யாருக்கும் பிடிபடாதது. வெற்றியும் தோல்வியும் கணிக்க முடியாதவை. தனிச்செய்கை என்பது தெரிந்தவர் ஒருவர் அந்தந்த இடத்துக்கு ஏற்பச் செய்து தருவது. விற்பனைச் சரக்கு என்றால் பல கடைகளில் பல மாதிரிகளில் கிடைப்பது. இது நல்லதா அது நல்லதா என்று ஒப்பிட்டு வாங்குவது. பொதுச்சரக்கு என்றால் தரம் நிர்ணயமாகி, யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான் என்ற நிலை.

பொதுச்சரக்குக்கு ரப்பர் ஷீட்டைவிட நல்ல உதாரணம் இந்த மண்ணில் கிடையாது. கடைக்காரர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆர்எஸ்எஸ் 4 (புகையூட்டி உலர்த்திய ஷீட்டின் ஒரு தரம்) என்றோ அதற்குக் கீழ் என்றோ தரம் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. விலைக்குக் கோட்டயம் சந்தை நிலவரம் இருக்கிறது. எந்தத் தோட்டம், யார் பால்வெட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரமும் அப்படியே. முப்பந்தல் காற்றாலையில் பிறந்ததா, கோதையாறு நீரில் பிறந்ததா என்று சுவிட்சைப் போடுபவர் பார்ப்பதில்லை.

இந்த அச்சைக் காலம் என்று நினைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. 'பழையது வலப்பக்கம், புதியது இடப்பக்கம்' என்று வைத்துவிடுகிறார்கள். தோவாளையைப் பாருங்கள். விடியும் முன்னே சந்தைக்கு வரும் உதிரிப்பூ எடைபோட்டு விற்கும் பொதுச்சரக்கு. அதே ஊரில் சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்துப் பின்னும் மாணிக்கமாலை, தலைமுறை தலைமுறையாக வந்தும், புவிசார் குறியீடு பெற்றும், இன்றும் தனிச்செய்கைதான். செய்யத் தெரிந்த கைகள் சில; ஒவ்வொரு மாலையும் கேட்டுச் செய்வது. வயதை வைத்து இடம் குறித்தால் மாணிக்கமாலை வலக்கோடியில் போய் உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து எடுக்கும் முடிவுகள் எல்லாம் தவறாகும். பொதுச்சரக்குக்கான விலைப்போட்டியைத் தனிச்செய்கையின் தலையில் கட்டிவிடுவோம்.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. நமக்கு எது நன்றாகத் தெரியுமோ அதை வலப்பக்கம் வைத்துவிடுகிறோம். தேனடையைப் பார்த்ததும் முதிர்ந்ததா இல்லையா என்று சொல்லும் திறமை முப்பது ஆண்டு அனுபவமுள்ளவருக்குச் சாதாரணம். ஆனால் அது அவருடைய பழக்கம். சந்தையின் நிலை அல்ல. கேட்கவேண்டிய கேள்வி இது: 'இதே வேலையை நாளை காலை வேறொருவரிடம் விலை கேட்டு வாங்க முடியுமா? பல பேரிடம் கிடைக்குமா? தரத்துக்கு எழுதிவைத்த அளவு இருக்கிறதா?' மூன்றுக்கும் ஆம் என்றால் வலம். ஒன்றுக்கும் இல்லை என்றால் இடம். ரிஃப்ராக்டோமீட்டருக்கு முதல் இரண்டு கேள்விக்கும் ஆம். ஆனால் மாதிரிக்கு மாதிரி ஒப்பிட்டுத்தான் வாங்குகிறோம். அதனால் அது விற்பனைச் சரக்கு. பெட்டிகளை இறக்கிவைக்கத் தோட்டக்காரர் தரும் அனுமதிக்கு மூன்றுக்கும் இல்லை. அது பழக்கத்திலும் நம்பிக்கையிலும் ஓடுவது. தனிச்செய்கையின் இடது ஓரம்.

தாளில் வரையும் முறைக்கு வருவோம். சார்ட் பேப்பரைக் கிடைமட்டமாக விரியுங்கள். உச்சியில் எந்தத் தொழில், யார் வாடிக்கையாளர், எந்தத் தேதி என்று ஒரு வரி. முதல் முக்கால் மணி நேரம் கிடைக்கோட்டு அச்சை வரையவே கூடாது. மேலிருந்து கீழாகத் தேவைச் சங்கிலியை மட்டும் ஒட்டுங்கள். சீட்டில் பொருளின் பெயர் இருக்கவேண்டும். 'தேன் எடுத்தல்', 'அனுப்புதல்' என்று வேலையை எழுதினால் படம் வேலைப் பட்டியலாகத் திரிந்துவிடும். 'தேன் எடுக்கும் இயந்திரம்', 'கூரியர்' என்று எழுதுங்கள். கோடு போடும்போது 'மேலே இருப்பதற்குக் கீழே இருப்பது வேண்டுமா?' என்று வாய்விட்டுக் கேட்டுப் போடுங்கள். சரக்கு போகும் திசையில், அதாவது தோட்டத்திலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து டிரம், டிரம்மிலிருந்து பாட்டில் என்று கோடு போட்டால் அது போக்குவரத்துப் படம். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

சங்கிலி முடிந்த பிறகுதான் அடியில் கோடு. 70 செ.மீ. நீளத் தாளில் 12, 16, 21, 21 செ.மீ. என்று நான்கு பிரிவாகப் பிரித்தால் கணினிக் கருவியின் அளவோடு ஏறத்தாழப் பொருந்தும். இப்போது ஒவ்வொரு சீட்டையும் உயரம் மாறாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துங்கள். இரண்டு அச்சையும் ஒரே நேரத்தில் முடிவுசெய்யப் போனால் 'இது முக்கியமா?' என்ற சண்டையும் 'இது எந்த நிலை?' என்ற சண்டையும் கலந்து எதுவும் முடியாது. 12 முதல் 20 சீட்டு வரை போதும். முப்பதைத் தாண்டினால் யாரும் படிக்க முடியாது. தொழிலை இரண்டாகப் பிரித்து இரண்டு தாளில் வரையுங்கள்.

ஒரு சீட்டைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்தால், பெரும்பாலும் அந்தச் சீட்டுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. 'தேன்' என்ற சீட்டே நல்ல சாட்சி. டிரம்மில் மொத்தமாகப் போகும் தேன் ஏறத்தாழப் பொதுச்சரக்கு. எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று சொல்லி விற்கும் தேன் இன்னும் தனிச்செய்கைக்கும் விற்பனைச் சரக்குக்கும் நடுவில். சீட்டைக் கிழித்து இரண்டாக எழுதினால் வாக்குவாதம் உடனே அடங்கும். அந்தக் கிழிசலிலிருந்துதான் பல நேரங்களில் உருப்படியான யோசனை பிறக்கிறது.

பிறகு நகர்வு. போட்டி இருக்கும் வரை எல்லாம் இடமிருந்து வலமாக நகரும். தேன்பெட்டியையே பாருங்கள். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் நவீனப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தபோது அது ஊருக்குப் புதுமை. இன்று அளவு நிர்ணயமாகி, எண்ணிக்கை சொன்னால் பட்டறையில் செய்து தரும் சரக்கு. 'சுத்தத்துக்கான சான்று' என்ற சீட்டும் அதே பாதையில் போகிறது. அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் என்எம்ஆர் எனப்படும், கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அரிதாக இருந்த ஒன்று விதியாகும்போது வலப்பக்கம் நகர்கிறது. சிவப்புக் கோட்டில் அம்பு போட்டு இதைக் குறிக்கவேண்டும். அம்பை மறிக்கும் தடை இருந்தால் நடுவே ஒரு கறுப்புக் கட்டை. 'நம்ம தேன் சுத்தம்னு ஊருக்கே தெரியும், சோதனை எதுக்கு?' என்ற பேச்சு அப்படிப்பட்ட கட்டை. பழைய வெற்றி பெரிதாக இருந்தால் கட்டையும் தடிமனாக இருக்கும்.

படம் முடிந்தால் என்ன தெரியும்? தேன் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது பாட்டில். அது வலக்கோடியில் இருக்கிறது. தனி அச்சு செய்து தனி வடிவப் பாட்டில் இறக்குவது பொதுச்சரக்கைத் தனிச்செய்கையாக நடத்தும் வீண்செலவு. கடையில் கிடைக்கும் பாட்டிலே போதும். நடுவில் ஈரப்பதம். உணவுப் பாதுகாப்புத் தரத்தின்படி தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடையின் அறைகளை மெழுகால் மூடும் முன்பே எடுத்த தேனில் நீர் மிகும். பாட்டிலுக்குள் நுரைத்துப் புளித்து மூடியைத் தள்ளும். 'கலப்படமில்லை' என்ற நம்பிக்கையிலிருந்து கோடு பிடித்துக் கீழே வந்தால், அது லேபிளைவிட அதிகமாகத் தொங்கிக்கொண்டிருப்பது ஈரப்பதம் பார்த்து நீர் வற்றவைக்கும் ஏற்பாட்டில்தான். கீழே தேனீக் கூட்டம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியக் கூட்டங்களை வாரிக்கொண்டுபோனதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சீட்டின் கீழே மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு கோடுகூட இல்லையென்றால், விளம்பரத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி எங்கே போகவேண்டும் என்று படமே காட்டிவிடும்.

இனி கணினிக் கருவி. உலாவியில் திறந்தால் ஒரு பக்கம் எழுதும் இடம், மறுபக்கம் படம். சுட்டியால் வரைவதைவிட எழுதி வரைவதுதான் இதன் பலம். 'காம்பொனென்ட்' (component) என்ற ஆங்கிலச் சொல், பொருளின் பெயர், சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்ட இரண்டு எண்கள். இவ்வளவு எழுதினால் ஒரு புள்ளி தோன்றும். எண்கள் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கவேண்டும். இங்கே ஒரு பொறி. பள்ளிக்கூட வரைபடத்தாளில் முதலில் கிடைக்கோடு, பிறகு நிலைக்கோடு. இந்தக் கருவியில் முதல் எண் உயரம், இரண்டாவது எண்தான் பக்கவாட்டு இடம். பாட்டிலுக்கு [0.70, 0.90] என்பது சரி. மாற்றி எழுதினால் பாட்டில் வாடிக்கையாளரின் தோளில் ஏறி உட்காரும். நிலைகளின் எல்லைகள் ஏறத்தாழ 0.17, 0.4, 0.7 என்று நினைவில் வைத்தால் எண் எழுதுவது எளிது.

இரண்டு பெயர்களுக்கு நடுவே சிறுகோடும் 'பெரியது' குறியும் (->) சேர்த்து எழுதினால் இணைப்புக் கோடு வரும். பெயர் இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கோடு வராது. கோடு வராதபோது கருவியைக் குறை சொல்லும் முன் எழுத்தைப் பாருங்கள். 'எவால்வ்' (evolve) என்று எழுதிப் பெயரும் புதிய எண்ணும் கொடுத்தால் நகர்வு அம்பு கிடைக்கும். 'பைப்லைன்' (pipeline) என்ற கட்டளை, மேலே சொன்ன இரண்டு வகைத் தேனை ஒரே பெட்டிக்குள் காட்ட உதவும். படமாக இறக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

குறைகள் இரண்டு. கைபேசித் திரையில் எழுத்தும் படமும் நெருக்கியடிக்கும்; மடிக்கணினி இல்லாமல் வேலை ஓடாது. சேமித்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் படத்தைத் திறக்கலாம். கொள்முதல் விலை, தோட்டக்காரர் பெயர் போன்றவற்றை அதில் எழுதாதீர்கள். மூன்றாவதாக ஒரு கவலை உண்டு. அது கருவியின் பிழையல்ல. கணினிப் படம் பார்க்க அழகாக இருப்பதால் யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. பென்சில் படத்தில் கடைப்பையன்கூட 'இது இங்கே வராதே அண்ணாச்சி' என்று சீட்டைப் பிய்த்து மாற்றுவான். கற்றல் நடப்பது அந்தப் பிய்த்தலில்தான். ஆகவே பேசி முடித்த படத்தைப் பத்திரப்படுத்தவும், தொலைவில் இருப்பவருக்கு அனுப்பவும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

இந்த முறையால் முடியாததும் உண்டு. எவ்வளவு லாபம் வரும், எத்தனை பெட்டி வைக்கலாம் என்ற கணக்கு இதில் வராது, அதற்குத் தனிநோட்டுதான். வாடிக்கையாளரே இல்லாத புதுத்தொழிலை யோசிக்கும் கட்டத்தில் கேன்வாஸ் கட்டங்களே எளிது. பண்டைய சீனப் போர்க்கலை ஆசிரியர் சுன் சூவின் ஐந்து காரணிகள், அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் பாய்டின் முடிவெடுக்கும் சுழற்சி என்று வார்ட்லி மேலே கட்டியெழுப்பும் பகுதிகளை முதல் மாதத்தில் தொடவேண்டாம். சங்கிலியும் நான்கு நிலைகளும் கைக்குப் பழகாமல் அவற்றைப் படித்தால் மேடைப்பேச்சாகத்தான் மிஞ்சும்.

நாகர்கோவிலிலோ இணையவழியிலோ பணம் கட்டிப் பயிற்சிக்குப் போவதானால், சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் தொழிலை நாங்களே வரைவோமா, அல்லது உங்கள் மாதிரிப் படத்தைப் பார்ப்போமா? வரைந்த படத்தை யாராவது உட்கார்ந்து மறுத்துக் கேள்வி கேட்பார்களா? முதலாவதுக்கு 'மாதிரிப் படம்' என்றும், இரண்டாவதுக்கு 'சான்றிதழ் தருவோம்' என்றும் பதில் வந்தால் அந்தப் பணத்தில் சார்ட் பேப்பர் வாங்கிவிடலாம். மறுத்துக் கேட்க ஆள் இருக்கும் பயிற்சி என்றால், கட்டும் பணத்துக்கு மதிப்புண்டு. தனியாக வரையும்போது கிடைக்காதது அந்த மறுப்பு ஒன்றுதான்.

முதல் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டுச் சுருட்டி வையுங்கள். தேன் தொழிலானால் ரப்பர் தளிர்விட்டுத் தேன் எடுப்பு முடிந்த மே மாதத்தில் பழைய தாளைப் பார்க்காமல் புதிதாக வரைந்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். எந்தச் சீட்டு நகர்ந்திருக்கிறது, எந்தச் சீட்டு முன்பு இல்லவே இல்லை என்று சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்த சீசனுக்கான பேச்சை அந்த வட்டங்களிலிருந்து தொடங்கலாம்.